செத்து விழாத உண்ணி

“உண்ணிக்குத் தடுப்பூசியா? ஆஸ்திரேலியாக்காரனே கண்டுபிடிச்சு, அவனே வித்துப் பார்த்து, அவனே கடையைக் கட்டிட்டான். அதைப் போய் நாம பேசணுமாக்கும்?”

கறவை மாடு பற்றிப் பேச்சு எழும் இடத்தில் இதைக் கேட்காமல் திரும்ப முடிவதில்லை. பால் சொசைட்டித் திண்ணையில் இப்படியே பச்சையாகச் சொல்கிறார்கள். கருத்தரங்க மேடையில் கொஞ்சம் நாசூக்காகச் சொல்கிறார்கள். மருந்துக் கடைக்காரரைக் கேட்கவே வேண்டாம், அவருக்கு அலமாரி நிறைய டெல்டாமெத்ரின் என்ற உண்ணி மருந்து இருக்கிறது. மூவரும் வந்து சேரும் முடிவு ஒன்றுதான்: அறிவியல் முயன்றது, தோற்றது, உண்ணி வந்தால் மருந்து அடி, வேலை முடிந்தது.

இதில் உள்ள தகவல் சரி. 1994இல் ஆஸ்திரேலியச் சந்தைக்கு வந்த டிக்கார்டு என்ற தடுப்பூசி இன்று அங்கே கிடைப்பதில்லை. ஆனால் கடை மூடியது என்பதற்கும் சரக்கு கெட்டது என்பதற்கும் உள்ள தூரத்தை இவர்கள் ஒரே எட்டில் தாண்டிவிடுகிறார்கள். டிக்கார்டில் இருந்த அதே புரதத்தை வைத்து, அதற்கும் ஓராண்டு முன்பே, ஹவானாவில் உள்ள மரபணுப் பொறியியல், உயிரித் தொழில்நுட்ப மையம் காவாக் என்ற தடுப்பூசியைப் பதிவு செய்தது. அது சாகவில்லை. கியூபாவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கறவை மாடுகளுக்குப் போடப்பட்டது; பின்னாளில் வெனிசுவேலாவிலும் லட்சக்கணக்கான மாடுகளுக்குச் சென்றது. இரண்டு நாட்டிலும் உண்ணி மருந்தின் செலவு பெருமளவு சரிந்தது. ஒரே புரதம் ஓரிடத்தில் செத்து, இன்னோரிடத்தில் பிழைத்திருக்கிறது என்றால், குற்றத்தைப் புரதத்தின் தலையில் கட்டுவது எப்படிச் சரியாகும்?

அந்தப் புரதத்தின் பெயர் பிஎம்86. மாட்டு உண்ணியின் குடல் சுவரில், ரத்தம் வந்து படும் பக்கத்தில் இருப்பது. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தில் பீட்டர் வில்லட்சன் குழுவினர் ஆயிரக்கணக்கான உண்ணிகளை அரைத்து, வடித்து, பிரித்து, கடைசியில் மிஞ்சிய மிகச் சிறிய அளவிலிருந்து இதை அடையாளம் கண்டார்கள். 1989இல் இதற்கான மரபணுவும் கையில் கிடைத்தது. அதற்குப் பிறகு உண்ணியை அரைக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியர்கள் பாக்டீரியாவிலும் கியூபர்கள் ஈஸ்டிலும் அதை வளர்த்தெடுத்தார்கள்.

இந்த யோசனையின் அழகு பெரும்பாலானோர் கவனத்துக்கு வருவதே இல்லை. உண்ணி கடிக்கும்போது அதன் எச்சில் மாட்டின் உடலுக்குள் போகிறது. எச்சிலில் உள்ள புரதங்களை மாடு அறியும். உண்ணியும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அந்த எதிர்ப்பைச் சமாளிக்கப் பழகிக்கொண்டிருக்கிறது. குடல் புரதமோ மாட்டின் கண்ணில் ஒருநாளும் படாதது. அது உண்ணியின் வயிற்றுக்குள் அல்லவா இருக்கிறது! ஊசியின் மூலம் அதை மாட்டுக்கு அறிமுகப்படுத்தினால், மாட்டின் ரத்தத்தில் அதற்கெதிரான எதிர்ப்பொருள் உருவாகும். பிறகு உண்ணி தானாகவே அந்த ரத்தத்தை உறிஞ்சித் தன் வயிற்றில் நிரப்பிக்கொள்கிறது. எதிர்ப்பொருள் குடல் செல்களைப் பிடித்துச் சிதைக்கிறது. குடல் ஓட்டையாகி ரத்தம் உண்ணியின் உடலெங்கும் கசிகிறது. சாம்பல் நிறத்தில் கொழுத்துத் தொங்க வேண்டிய உண்ணி சிவந்துபோய்க் கிடக்கும்.

இப்படிச் சிவந்தவற்றில் சில மாட்டின் மேலேயே சாகும். பல சாகாது. இங்கேதான் திண்ணையில் கேட்ட வாதம் முளைக்கிறது: “ஊசி போட்டும் உண்ணி ஒட்டிக்கிட்டுத்தானே இருக்குது?”

இருக்கும்தான். இருந்து என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். மாட்டு உண்ணி பொடி உண்ணியாக ஏறி, தோலுரித்து, வளர்ந்து, இணைந்து, ரத்தம் குடித்து முடிக்க ஏறக்குறைய மூன்று வாரம் ஒரே மாட்டின் மேல் கழிக்கிறது. கொழுத்த பெட்டை கீழே விழுந்து, புல்லடியில் இரண்டாயிரம் மூவாயிரம் முட்டையிட்டுச் செத்துப்போகும். நாம் மாட்டின் காதிலும் மடியிலும் அலைதாடியிலும் பார்ப்பது மொத்த உண்ணிக் கூட்டத்தில் சொற்பம். மீதியெல்லாம் தரையில், முட்டையாகவும் பொடியாகவும் அடுத்த மாட்டுக்காகக் காத்திருக்கிறது. தடுப்பூசியின் அடி விழுவது அந்த மீதியின் மேல்.

ஆகவேதான் ஆராய்ச்சியாளர்கள் உண்ணித் தடுப்பூசியின் பலனை அளக்கும்போது மூன்று எண்களைப் பெருக்குகிறார்கள். எத்தனை பெட்டை உண்ணி கொழுத்து விழுந்தது, விழுந்தவை எவ்வளவு முட்டையிட்டன, அந்த முட்டையில் எவ்வளவு பொரிந்தது. புரிவதற்காக ஒரு கணக்கு மட்டும் போட்டுக் காட்டுகிறேன். இது கணக்கு, ஆய்வு முடிவு அல்ல. நூறு உண்ணி விழ வேண்டிய இடத்தில் எழுபது விழுகிறது என்று வையுங்கள். அவை இடும் முட்டை பாதியாகிறது. அதிலும் நூற்றுக்கு எழுபதுதான் பொரிகிறது. பெருக்கிப் பார்த்தால் அடுத்த தலைமுறைக்கு மிஞ்சுவது நூற்றுக்கு இருபத்தைந்துகூட இல்லை. நான்கில் மூன்று பங்கு போய்விட்டது. ஆனால் மாட்டுக்காரர் கண்ணுக்குத் தெரிவது முதல் எண் ஒன்றுதான்: நூறு எழுபதாயிற்று. “என்ன பெரிய ஊசி” என்று அவர் அலுத்துக்கொள்வதில் தப்பில்லை. மற்ற இரண்டு எண்களும் தெரிந்த படித்தவர்கள் அவரோடு சேர்ந்து தலையாட்டுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவர்கள் தடுப்பூசியை அளப்பது விஷத்தின் படியால். விஷம் அடித்தால் மறுநாள் உண்ணி உதிர்ந்து கிடக்கும், கண்கூடான சாட்சி. சரி, அந்தப் படியாலேயே விஷத்தையும் அளப்போம். ஆஸ்திரேலியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆர்சனிக் தொட்டியில் மாட்டை முக்கத் தொடங்கினார்கள். 1930களில் ஆர்சனிக்குக்கு உண்ணி அசையவில்லை. அடுத்து டிடிடி வந்தது. 1950களில் அதுவும் போயிற்று. ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் 1960களில் மண்ணைக் கவ்வின. அமிட்ராஸும் பைரித்ராய்டுகளும் 1980களில் அதே வழியில் சென்றன. ஒவ்வொன்றும் தோற்றபோது யாராவது “மருந்தடிக்கும் முறையே தோற்றது” என்று சொன்னார்களா? அடுத்த மருந்து எங்கே என்றுதான் கேட்டார்கள். ஐந்து முறை தோற்ற மாணவனை மேல்வகுப்புக்கு ஏற்றிவிட்டு, ஒரு தேர்வில் நடுத்தரமாக மதிப்பெண் எடுத்தவனைப் பள்ளியை விட்டே விரட்டுகிறோம்.

நம்மூர் நிலையும் வேறல்ல. டெல்டாமெத்ரினுக்கும் சைபர்மெத்ரினுக்கும் அசையாத உண்ணிகள் இந்தியாவின் பல மாநிலங்களில் பதிவாகிவிட்டன. பாட்டில் மூடியில் ஊற்றிக் கண்ணளவாகக் கலந்து தெளிக்கும் வழக்கம் அதற்குப் போட்ட உரம். அரைகுறை அளவில் பிழைத்த உண்ணிதான் அடுத்த தலைமுறைக்குத் தாய். மருந்து கேட்கவில்லை என்றதும் ஐவர்மெக்டின் ஊசிக்குப் போகிறார்கள். அது பாலில் இறங்கும். சாணத்தில் இறங்கி, சாணம் உருட்டும் வண்டுகளையும் கெடுக்கும். கறவையில் இருக்கும் மாட்டுக்கு அதைப் போட்டுவிட்டு அன்று மாலையே பால் ஊற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். மலிவு, மலிவு என்று சொல்லும் விலைப்பட்டியலில் இந்த வரிகள் எதுவும் ஏறுவதில்லை.

கியூபாவைச் சொன்னால் ஒரு பதில் தயாராக இருக்கும். “அங்கே சோவியத் யூனியன் விழுந்த பிறகு மருந்து வாங்கக் காசில்லை. வாங்காததால் செலவு குறைந்தது. இதில் ஊசிக்கு என்ன பெருமை?” இது அசட்டுக் கேள்வி அல்ல. 1990களில் கியூபாவிடம் அந்நியச் செலாவணி இல்லை என்பது உண்மைதான். ஆனால் மருந்து குறைந்து, அதன் இடத்தில் வேறெதுவும் வரவில்லை என்றால் என்ன நடந்திருக்க வேண்டும்? உண்ணி பெருகி, அது பரப்பும் பேபீசியா காய்ச்சல் மாட்டுக் கூட்டத்தை வாரிக்கொண்டு போயிருக்க வேண்டும். அங்கே பேபீசியா நோயும் அதனால் நேர்ந்த சாவும் குறைந்தன என்பதே பதிவு. கையில் காசில்லாத நாடு நோயையும் சேர்த்துக் குறைத்திருக்கிறது. அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியவர்கள் ஊசியை மறுப்பவர்கள்தான்.

கியூபாவில் என்ன இருந்தது, ஆஸ்திரேலியாவில் என்ன இல்லை? கியூபாவில் பண்ணைகள் அரசின் கையில். ஒரு பண்ணையில் போட்டால் எல்லா மாட்டுக்கும் போட்டார்கள். மருந்தடிப்பதையும் அடியோடு நிறுத்தவில்லை, உண்ணி மிஞ்சும் இடத்தில் மட்டும் அடித்தார்கள். ஆஸ்திரேலியாவில் தடுப்பூசி கடையில் விற்கும் பொருள். விரும்பியவர் வாங்கலாம், விரும்பாதவர் விடலாம். கண்ணெட்டும் தூரம் வரை பரந்த குயின்ஸ்லாந்துப் பண்ணைகளில் மாட்டைத் திரட்டி அடைப்பதே பெரும்பாடு. சில மாதத்துக்கு ஒருமுறை திரட்டி ஊக்க ஊசி போடு என்றால் யார் செய்வார்? விற்பனை படுத்தது, தயாரித்த நிறுவனங்கள் கைமாறின, ஒருநாள் உற்பத்தி நின்றது. இது வணிகத்தின் கதை. இதை உயிரியலின் கதையாக்கி நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

உண்மையில், தனியாள் விருப்பத்துக்கு விட்டு உண்ணியை வென்ற கதை உலகில் எங்காவது உண்டா என்று தேடினேன். எதிர்க்கதைதான் கிடைத்தது. உண்ணிதான் டெக்ஸஸ் காய்ச்சலை, அதாவது பேபீசியா காய்ச்சலை, பரப்புகிறது என்று தியபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல் நிறுவினார்கள். பூச்சியினத்தின் உறவான ஒரு சிற்றுயிர் ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்கு நோயைக் கடத்தும் என்பதற்குக் கிடைத்த முதல் சான்றுகளில் அது ஒன்று. 1906இல் அமெரிக்க அரசு உண்ணி ஒழிப்பில் இறங்கியது. தென் மாநிலங்களில் மாடு வைத்திருந்தவர்கள் எல்லாம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாட்டை ஆர்சனிக் தொட்டியில் இறக்க வேண்டும். கட்டாயம். குடியானவர்கள் கொதித்தார்கள், சில ஊர்களில் இரவோடு இரவாகத் தொட்டிகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். இருந்தும் விடவில்லை. 1943இல், மெக்ஸிகோ எல்லையோரத் தடுப்பு மண்டலம் நீங்கலாக, நாடு உண்ணியிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். அந்த ஆர்சனிக்கைக் கடையில் அடுக்கி “வேண்டுவோர் வாங்கலாம்” என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பத்து வீட்டில் இரண்டு வீட்டுக்காரர் முக்கியிருப்பார். எட்டு வீட்டு உண்ணி அந்த இரண்டு வீட்டு மாட்டிலும் ஏறியிருக்கும். ஆர்சனிக் வேலை செய்யவில்லை என்று அன்றும் திண்ணையில் பேசியிருப்பார்கள்.

இன்றும் ரியோ கிராண்டே ஆற்றோரம் குதிரையேறிய காவலர்கள் எல்லை தாண்டும் மாடுகளைத் தேடிச் சுற்றுகிறார்கள். அந்தத் தடுப்பு மண்டலத்தில் அண்மை ஆண்டுகளில் அமெரிக்கர்கள் எதைச் சேர்த்துக்கொண்டார்கள் தெரியுமா? பிஎம்86 தடுப்பூசியைத்தான். தோற்றுப்போனதாக நாம் சொல்லும் அதையே.

இனி, கேட்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். மேலே சொன்ன வாதங்கள் உதிர்ந்தாலும் இது நிற்கும்: எல்லா நாட்டு உண்ணிக்கும் பிஎம்86 ஒன்றுபோலப் பயன்படாது. அர்ஜென்டினாவின் ஒருவகை உண்ணி காவாக்குக்குப் பெரும்பாலும் அசையவில்லை. கியூபர்கள் அந்த உண்ணியிலிருந்தே பிஎம்95 என்ற மாற்றுப் புரதத்தை எடுக்க வேண்டியதாயிற்று. இந்திய உண்ணியின் மேல் இசத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் பார்த்தபோது பிஎம்86 தந்த காப்பு ஐம்பது விழுக்காட்டைத் தொடவில்லை. போதாக்குறைக்கு, நம் தொழுவங்களில் இன்னொரு உண்ணியும் இருக்கிறது. ஹயலோமா இனம், சுவர் வெடிப்பிலும் தரை இடுக்கிலும் ஒளிந்திருப்பது, தைலேரியா நோயைக் கொண்டுவருவது. ஒரு புரதத்தால் இரண்டையும் அடக்க முடியாது. அதற்காக ஹயலோமாவின் சொந்தக் குடல் புரதத்தையும் அதே நிறுவனம் ஆராய்ந்தது.

ஐம்பதுக்கும் குறைவு என்றதும் தூக்கி எறிந்துவிடலாமா? பழைய கணக்கு நோட்டைத் திறவுங்கள். வெப்ப நாட்டில் ஓர் ஆண்டில் உண்ணி பல தலைமுறை காண்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி கழிந்தால், நான்காவது தலைமுறையில் மிஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு. காகிதத்தில் வரும் இந்தச் சுத்தம் மேய்ச்சல் தரையில் வராது. பக்கத்து ஊர் மாடு வரும், மழை வரும், இடநெருக்கம் குறைந்ததால் பிழைத்த உண்ணி நன்றாகத் தின்னும். பதினாறில் ஒன்று வேண்டாம், நான்கில் ஒன்று என்று ஆனாலும் மருந்தடிக்கும் முறை எத்தனை குறையும்? குறைந்த ஒவ்வொரு முறையும் எதிர்ப்பு உருவாகும் வேகத்தைத் தள்ளிப்போடுகிறது. மருந்துக்கும் ஊசிக்கும் பகை இருப்பதாக யார் சொன்னது? கையிலிருக்கும் கடைசி மருந்துகளைக் காப்பாற்றப் போவதே இந்த ஊசிதான்.

இதற்கு மேல் ஊக்க ஊசி பற்றிய புலம்பல் ஒன்று உண்டு. தொடக்கத்தில் சில வார இடைவெளியில் மூன்று ஊசி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று என்பது காவாக் முறை. “நம்மூரில் யார் சார் இத்தனை முறை போடுவது?” என்கிறார்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்! 2019இல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊர் ஊராக, வீடு வீடாகப் போகிறது. குயின்ஸ்லாந்துக்காரருக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது: நம் மாடு கட்டுத்தறியில் கயிற்றோடு நிற்கிறது, அதைத் திரட்ட ஹெலிகாப்டர் வேண்டாம். ஊசி போடுபவர் வாசலுக்கு வருகிற அதே நாளில் இன்னொரு ஊசி. முதல் ஆண்டின் கூடுதல் சுற்றுகள் கடினம்தான், மறுக்கவில்லை. கடினம் என்பது வேறு, முடியாது என்பது வேறு.

நாட்டு மாட்டுக்குத் திரும்பினால் உண்ணித் தொல்லையே இல்லை என்பாரும் உண்டு. பாதி உண்மை. திமில் மாடுகள் உண்ணியை நன்றாகவே தாங்கும். அதற்காகத்தான் 1933இல் ஆஸ்திரேலியர்கள் இந்திய ரத்தம் கலந்த பிராமன் மாடுகளை இறக்குமதி செய்தார்கள். அந்நாட்டுக்குள் 1872இல் உண்ணி புகுந்ததும் பட்டாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) டார்வினுக்குக் கப்பலில் வந்த திமில் மாடுகளோடுதான் என்பது வரலாற்றின் குறும்பு. திமில் மாடு உண்ணியைக் குறைக்கும், சுமக்கவும் செய்யும். 2019 கணக்கெடுப்பில் நாட்டில் ஐந்து கோடிக் கலப்பின மாடுகள் இருந்தன. அவற்றை வைத்துப் பிழைப்பவரிடம் போய்க் காங்கேயம் பசுவை வாங்கு என்பது யோசனை ஆகாது. பூண்டு, வேப்பிலை, வசம்பு, மஞ்சள், துளசியோடு உண்ணிச்செடி இலையையும் அரைத்துப் பூசும் கைவைத்தியத்தை நான் கேலி செய்ய மாட்டேன். விஷத்தைக் கையாளும் ஆபத்து அதில் இல்லை. ஆனால் அதுவும் மாட்டின் தோலோடு நின்றுவிடுகிறது, புல்லில் உள்ளதைத் தொடுவதில்லை.

தடுப்பூசிக்கு வக்காலத்து வாங்குவோரில் சிலரையும் இங்கேயே கண்டித்துவிட வேண்டும். ஓர் ஊசி போட்டால் உண்ணி ஓடிவிடும் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த வேலைக்கு எதிரிகளைவிடப் பெரிய கேடு செய்கிறார்கள். உதிரும் என்று சொல்லிப் போட்ட ஊசிக்குப் பிறகு உண்ணி ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த ஊர் இன்னொரு முறை மாட்டைப் பிடித்துக் கொடுக்காது. உண்ணி உடனே விழாது, அடுத்த மழைக்கு முளைக்கும் கூட்டம்தான் குறையும் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

கால்நடைத் துறையிடமும் ஆராய்ச்சி நிறுவனங்களிடமும் கேட்பது பெரிதொன்றுமில்லை. நம் உண்ணிக்கேற்ற புரதத்தை எடுத்துக்கொண்டு, ஒரே மேய்ச்சல் தரையைப் பகிரும் ஓர் ஊரைத் தேர்ந்தெடுங்கள். விரும்பியவர் மாட்டுக்கு மட்டும் வேண்டாம், அந்த ஊரின் எல்லா மாட்டுக்கும் போடுங்கள். கோமாரிச் சுற்றோடு சேர்த்து இரண்டு ஆண்டு விடாமல் போடுங்கள். பலன் பார்க்கப் போகும்போது மாட்டின் காதைத் திருப்பி எண்ண வேண்டாம். ஒரு வெள்ளைத் துணியைப் புல்லின் மேல் இழுத்துச் சென்று, அதில் எத்தனை பொடி உண்ணி ஒட்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். அந்த எண் குறையவில்லை என்றால் நானே திண்ணைக்கு வந்து தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்.